படகு நாடகத்தின் எட்டாம் பாகம்

ஜூன் 4, ஞாயிறு

என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு எழுத்து பெரிது, அடுத்தது சிறிது. ‘ழ’ எழுதும்போது நாக்கும் வெளியே வந்துவிடுகிறது என்று என் மகள் முப்பிடாதி சிரிக்கிறாள். இந்த ஆறு வரிக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

எனக்கு எழுபத்து மூன்று வயது. நாற்பது வருடம் தள்ளுவண்டியில் கரிப்பெட்டி வைத்துத் துணி தேய்த்தேன். போன ஆவணியில் எஸ்தர் டீச்சர் நடத்தும் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது வாசிப்பேன். பஸ்ஸில் போனால் எல்லாக் கடைப் பலகையையும் வாய்விட்டு வாசிக்கிறேன். நேற்று பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

தினமும் எழுதினால்தான் கை பழகும் என்று டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்தார். காலையில் வாசல் கதவில் சாக்கட்டியால் என் பெயரை எழுதினேன். சொரிமுத்து. தள்ளி நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 6, செவ்வாய்

டீச்சர் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். எதிர் வீட்டு மாரிச்செல்வி நகைக்கடையில் வேலை செய்கிறாள். அவள் தாய்மாமா போன மாதம் இங்கே குடிவந்திருக்கிறார். பெயர் தங்கப்பழம். இரண்டு கண்ணிலும் புரை. பகலில் தனியாக இருக்கிறார். டிவியில் ஒரு வெளிநாட்டு நாடகம் பார்க்க ஆசை. பேச்சு வேறு பாஷை, கீழே தமிழில் எழுத்து வரும். அவர் கண்ணுக்கு அது தெரியாது. “முத்தையா, நீங்க போயி வாசிச்சுக் காட்டுங்க. ஒங்களுக்கும் பயிற்சி” என்றார் டீச்சர். வகுப்பில் எல்லோருக்கும் நான் முத்துதான்.

இரண்டு மணிக்குப் போனேன். எழுத்து வந்ததும் மாயமாக மறைந்துவிடுகிறது. நான் இரண்டு எழுத்து கூட்டுவதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

“என்னவே, அவ என்னமோ அழுதுக்கிட்டுச் சொல்லுதா. நீரு ‘நா, நா’ன்னு நிக்கீரு” என்றார் தங்கப்பழம்.

“ஓடுதுல்லா வே! நின்னாத்தானே வாசிக்க?”

“அப்ப நிப்பாட்டும். ரிமோட்டுல நடுவுல உள்ளது.”

ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினோம். ஒரு பாகம் முக்கால் மணி நேரமாம். எங்களுக்கு ஐந்தரை வரை ஆயிற்று.

ஜூன் 9, வெள்ளி

சாரல். துணி காயவில்லை. ரேஷன் கடையில் பருப்பு வரவில்லை.

நாடகத்துக்கு வேறு பெயர் இருக்கிறது. நாங்கள் படகு நாடகம் என்கிறோம். குளிர் தேசம். ஒரு ஆறு, அதில் ஒரு படகு. சும்மா நாளில் அக்கரை அக்கரைதான். மூடுபனி நாளில் படகு ஏறினால் அக்கரையில் வேறு வருடம். சிவப்புக் கோட்டுப் பெண் ஒருத்தி. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் அப்பாவை ஏதோ கொலைக்காக ஜெயிலில் போட்டார்கள். அவர் செய்யவில்லை. அவள் பனிக்குள் போய்ப் போய் யார் செய்தது என்று தேடுகிறாள்.

ஒரே ஆள் மூன்று வயதில் வருகிறார். நேற்று செத்தவர் இன்று குழந்தையாக ஓடுகிறார். எனக்கு இதில் கஷ்டமே இல்லை. நாற்பது வீட்டு வெள்ளை வேட்டியை ஒன்றோடொன்று கலக்காமல் திருப்பிக் கொடுத்தவன் நான். எழுத்துத் தெரியாத காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் துணி ஓரத்தில் ஒரு குறி: இரண்டு புள்ளி, ஒரு கோடு, கோட்டின் மேல் புள்ளி. அந்தக் குறியையே நாடகத்து ஆட்களுக்கும் போட்டேன். சிவப்புக் கோட்டுக்காரிக்கு மூன்று புள்ளி. கைத்தடிக் கிழவிக்கு ஒரு கோடு. நாலாம் பாகத்தில் கிழவியின் கழுத்துத் தழும்பைப் பார்த்ததும், “வே! ரெண்டும் ஒரே துணி! கிழவிதான் அவ!” என்று கத்திவிட்டேன்.

தங்கப்பழம் கை தட்டினார். “நான் ரெண்டாம் பாகத்துலயே நெனைச்சேன். கிழவி தண்ணி குடிச்ச சத்தமும் அவ குடிச்ச சத்தமும் ஒண்ணு.”

இந்த வயதில் இப்படி ஒரு சிநேகிதம்.

ஜூன் 12, திங்கள்

ஐந்தாம் பாகம். கோர்ட்டில் ஒருவன் பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறான். அதனால்தான் அவள் அப்பா ஜெயிலுக்குப் போனது. முகத்தைக் காட்டவில்லை. முதுகு மட்டும்.

“அவன் யாருன்னு தெரிஞ்சாப் போதும் வே, எனக்கு ஒறக்கம் வரும்” என்றார் தங்கப்பழம்.

இந்தக் குழப்படி நாடகத்தில் அவருக்கு அப்படி என்ன பிடித்திருக்கிறது என்று கேட்டேன்.

“இதுல ஒண்ணும் வீணாப் போவாது, கேட்டீரா? மொதப் பாகத்துல ஒருத்தன் கதவைச் சாத்துனா, நாலு பாகம் கழிச்சு எதுக்குச் சாத்துனான்னு தெரியும். எவனோ உக்காந்து எல்லா முடிச்சும் சரியா விழுந்திருக்கான்னு கணக்குப் பாத்திருக்கான். நம்ம பொழப்புல அப்படி எவன் பாத்தான்?”

ஜூன் 15, வியாழன்

டிவி ஓடவில்லை. கரண்ட் இல்லை. தங்கப்பழம் தன் கதையைச் சொன்னார். அவர் சொன்னபடி எழுதுகிறேன்.

எண்பத்தாறில் நம் ஊர் அரிசி மில்லில் திருட்டு. காவல்காரர் அடிபட்டுச் செத்தார். தங்கப்பழம் அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வயது. அவரைப் பிடித்தார்கள். அடித்த கம்பியை அவரே வாய்க்கால் மதகுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்ததாக போலீஸ் ஒரு காகிதம் எழுதியது. அவர் அந்த மதகுக்குப் போகவே இல்லை. ஆனால் அதைப் பார்த்ததாக ஒரு சாட்சி கைநாட்டு வைத்திருந்தான். கோர்ட்டிலும் வந்து சொன்னான். பதினோரு வருடம். அதற்குள் அம்மா போய்விட்டாள். கட்டிக்கொள்ள இருந்த பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது.

“யாரோ ஒரு இஸ்திரிக்காரன் வே. போலீஸ் ஸ்டேஷன் மதிலை ஒட்டி வண்டி போட்டிருந்தவன். மூஞ்சி மறந்துட்டு, கொரலும் மறந்துட்டு. ஆனா பேரு மறக்கல. ஜெயில்லதான் நான் எழுத்துப் படிச்சேன். படிச்சு மொத மொத என் தீர்ப்பைத்தான் வாசிச்சேன். அதுல இருந்துச்சு.”

என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஈரத் துணியால் வாசல் கதவைத் துடைத்தேன்.

ஜூன் 16, வெள்ளி

கை வலி. எழுதவில்லை.

ஜூன் 19, திங்கள்

முப்பிடாதி பீடி சுற்றிக்கொண்டே கேட்டாள். “யப்பா, ஏன் பேரை அழிச்சிய? பூவு வச்சிக் கும்புடாத கொறையா நின்னுல்லா பாத்திய!”

“சாரல்ல அழிஞ்சிட்டு.”

“சாரலு திண்ணை ஏறி வந்து அழிச்சுதாக்கும்?”

அந்த வருடம் இவள் கைக்குழந்தை. இவளுக்கு ஒன்றும் தெரியாது.

இந்த நோட்டை டீச்சரிடம் காட்டுவதை நிறுத்திவிட்டேன்.

ஜூன் 20, செவ்வாய்

நான்கு நாளாகப் போகவில்லை என்று அவரே சுவரைத் தடவிக்கொண்டு வந்துவிட்டார். “மேலுக்குச் சொகமில்லையா வே?” கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தெருவில் சைக்கிள் அவரை இடிக்கப் பார்த்தது.

போனேன். ஆறாம் பாகம் பார்த்தோம். சிவப்புக் கோட்டுக்காரி சாட்சியின் தெருவைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறாள். நான் ஒரே வரியை இரண்டு தடவை வாசித்தேன்.

இன்னும் இரண்டு வகுப்பு முடிந்தால் சான்றிதழ் கொடுக்கும் விழா. எல்லோர் முன்னாலும் முழுப் பெயரை மைக்கில் கூப்பிடுவார்களாம். எனக்கு வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

ஜூன் 21, புதன்

ஒன்றை யோசித்துப் பார்க்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவனிடம் ஒரு காகிதத்தை நீட்டி, கைநாட்டு வை என்றால் அவன் வைப்பான். அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் மேல் என்ன குற்றம்?

ஜூன் 26, திங்கள்

எட்டாம் பாகம்.

அவள் சாட்சியைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆற்றங்கரையில் தெருவிளக்கு ஏற்றுகிறவன். நல்ல மனிதன்போல் இருக்கிறான். அவள் கேட்கிறாள், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. அவன் விளக்கைக் கீழே வைத்துவிட்டுப் பேசினான். நான் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். எழுத்து அசையாமல் நின்றது.

“என்ன சொல்லுதான்?” என்றார் தங்கப்பழம். முன்னால் சாய்ந்து, காதைக் கொடுத்துக்கொண்டு.

திரையில் இருந்தது: “பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னேன்.”

நான் வாசித்தது: “எனக்கு ஒன்றும் தெரியாது. என்னை மிரட்டிச் சொல்ல வைத்தார்கள்.”

அவர் பின்னால் சாய்ந்தார். “பாவம்” என்றார்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். இவ்வளவு கஷ்டப்பட்டு வாசிக்கப் படித்தது இதற்குத்தானா?

ஜூன் 28, புதன்

ஒன்பதாம் பாகம். ஒரு பொய்யோடு நிற்க மாட்டேன் என்கிறது.

இதில் விளக்குக்காரன் மூடுபனியில் படகுக்காகக் கையை நீட்டுகிறான். சிவப்புக் கோட்டுக்காரி அவனை ஏற்றாமல் போய்விடுகிறாள்.

“இது எப்படி வே? மிரட்டிச் சொல்ல வச்சவனை அவ ஏன் விட்டுட்டுப் போவணும்? அவ அப்படிப்பட்டவ இல்லியே.”

“கோவம்” என்றேன்.

“கோவம்னா மிரட்டுனவன் மேலதான வரணும்? சரி, மூணாம் பாகத்துல கிழவி அந்தத் தெருவிளக்கைப் பாத்து ‘தெரிஞ்சே எரிஞ்ச விளக்கு’ன்னாளே, அது எதுக்கு?”

அதை மறந்தே போனேன். நானே அவருக்கு வாசித்துக் காட்டியதுதான். அது வேறு விளக்கு என்று சொன்னேன். அப்புறம் அதற்கு ஒரு பொய், அந்தப் பொய்க்கு இன்னொன்று. எது நாடகத்தில் வந்தது, எது நான் சொன்னது என்று மறக்காமல் இருக்க நோட்டின் கடைசிப் பக்கத்தில் புதிதாகக் குறி போட்டு வைத்திருக்கிறேன். பதினாலு ஆகிவிட்டது.

ஜூன் 30, வெள்ளி

பத்தாம் பாகம்தான் கடைசி. நெட் வரவில்லை என்று சொன்னேன். வந்துகொண்டுதான் இருந்தது.

மாரிச்செல்வி சந்தோஷமாக வந்தாள். கண் ஆஸ்பத்திரி வண்டி செவ்வாய்க்கிழமை வருகிறது. இலவசம். முதலில் வலது கண். “முத்துத் தாத்தா, எனக்குக் கடையில லீவு கெடையாது. ஒரு நாளு மாமாகூடப் போயி இருப்பியளா?”

சரி என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவருக்கு வாசிக்கத் தெரியும். ஜெயிலில் படித்தவர். பார்வை வந்தால் முதல் பாகத்திலிருந்து தானே வாசிப்பார். எட்டாம் பாகத்துக்கு எத்தனை நாளில் வருவார் என்று விரல் விட்டுப் பார்த்தேன்.

ஜூலை 2, ஞாயிறு

இன்று போனபோது தங்கப்பழம் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் தீக்குச்சிகளை வரிசை வரிசையாக அடுக்கித் தடவிக்கொண்டிருந்தார். ஒரு வரிசை நாடகத்தில் ஒரு வருடம், ஒரு குச்சி ஒரு சம்பவமாம். எவ்வளவு மாற்றி அடுக்கினாலும் ஒரு குச்சி மிஞ்சுகிறது என்றார்.

“நான்தான் எங்கியோ விட்டுட்டேன் வே. முன்னால எல்லாம் இப்படிக் கிடையாது. கண்ணுதான் போச்சின்னு நெனைச்சேன். புத்தியும் மங்குது போலுக்கு.”

“அதெல்லாம் இல்ல” என்றேன்.

“இல்லாம? ஜெயில்லயும் இப்படித்தான். மூணு வருசம் கழிச்சு ஒரு நா எனக்கே சந்தேகம் வந்துட்டு. ஒருவேளை நாமதான் மதகுக்குப் போனோமோ? அத்தன பேரு கோர்ட்டுல சொல்லுதாவளே, நமக்குத்தான் மறந்துட்டோ? கம்பி கையில இருந்த மாதிரியே இருந்துச்சு. அந்தப் பயம் இருக்கே, அடி வாங்குன பயத்தைவிடப் பெருசு.”

குச்சியைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார். ஒன்று கீழே விழுந்து அவர் தேடிக்கொண்டே இருந்தார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 3, திங்கள்

21ஆம் தேதி எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அது சரியில்லை. அடித்துவிட்டால் டீச்சர் திட்டுவார், அதனால் அப்படியே விட்டு இங்கே எழுதுகிறேன்.

கைநாட்டு வைத்தபோது என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. அது நிஜம். தேய்த்த சட்டைகளைக் கொடுக்க ஸ்டேஷனுக்குள் போனேன். கக்கத்தில் சட்டையோடு நின்று வைத்தேன்.

ஆனால் கோர்ட்டுக்குப் போகிற அன்று காலையில் ஏட்டு எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார். மதகு, கம்பி, எத்தனை மணி. நான் அங்கே போகவில்லை என்றேன். வண்டியை மதிலோரம் போட வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். கோர்ட்டில் அந்தப் பையன், இதே தங்கப்பழம், என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தேன் என்று சொன்னேன். அதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை.

நாளை ஆஸ்பத்திரி. பயமாக இருக்கிறது. பாத்ரூமுக்கு ஐந்து தடவை போய்விட்டேன்.

ஜூலை 4, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். பெஞ்சில் வைத்து எழுதுவதால் இன்னும் கோணல்.

காலையில் வண்டியில் எல்லோரும் கோயில் சுற்றுலா போகிற மாதிரி பேசிக்கொண்டு வந்தார்கள். தங்கப்பழம் என் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தார். உள்ளே அவருக்குப் பச்சைச் சட்டை போட்டு, கண்ணில் மருந்து விட்டு, வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒரு நர்ஸ் பிள்ளை காகிதத்தோடு வந்தது.

“ஆபரேசனுக்குச் சம்மதம். இவங்க இங்க. கூட வந்தவங்க இங்க, சாட்சின்னு போட்டிருக்குல்லா, அதுக்குக் கீழ. தாத்தா, கையெழுத்தா கைநாட்டா?”

மைப்பெட்டியைத் திறந்து என் முன்னால் நீட்டியது.

கட்டைவிரல் வைத்தால் போதும். பெயரை முத்து என்று சொல்லிவிடலாம். அது எழுதிக்கொள்ளும். யாருக்கும் தெரியப் போவதில்லை.

“வாசிச்சிட்டுத்தான் போடுவேன்” என்றேன்.

“தாத்தா, பின்னால இருவது பேரு நிக்காங்க.”

“அவரு வாசிச்சிட்டே போடட்டும் தாயி. மெதுவாத்தான் வாசிப்பாரு, ஆனா சுத்தமா வாசிப்பாரு” என்றார் தங்கப்பழம். பெருமையாகச் சொன்னார்.

ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சத்தமாக, முழுவதும் வாசித்தேன். ஒரு வார்த்தையும் விடவில்லை. பிறகு சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் முழுப் பெயரை எழுதினேன். ஐந்து எழுத்துக்கு எவ்வளவு நேரம்!

நர்ஸ் காகிதத்தை வாங்கிப் பார்த்தது. “சொ-ரி-முத்து. சரி.” போய்விட்டது.

என் தோளில் இருந்த கை எடுபட்டது.

“அது என்ன பேரு சொல்லுச்சு?”

“எம் பேருதான் வே. சொரிமுத்து. ஸ்டேஷன் மதில்ல வண்டி போட்டிருந்தது நாந்தான்.”

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். மருந்து விட்ட கண் மூடியிருந்தது. மூடியிருந்தாலும் என்னைப் பார்ப்பது போலவே இருந்தது. சொல்லி முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது.

“நீரு மதகுக்குப் போவல. நானும் போவல. பாத்தேன்னு சொன்னது பொய்யி. தெரிஞ்சிதான் சொன்னேன், வண்டிய எடுக்கச் சொல்லிருவாங்கன்னு. நாடகத்துலயும் பொய்யா வாசிச்சேன். எட்டாம் பாகம். உம்ம புத்தி மங்கல வே.”

“தங்கப்பழம்!” என்று உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். நான் கையைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டார். சுவரைத் தடவிக்கொண்டு தனியாகப் போனார். கதவுச் சட்டத்தில் தோள் இடித்தது.

அவர் உள்ளே போய் முக்கால் மணி ஆகிறது. பதற்றத்தில் கண்ணில் கத்தி படும்போது அசைந்துவிட்டால்? நான் நாளைக்குச் சொல்லியிருக்கலாமே. இத்தனை வருடம் பொறுத்தவனுக்கு ஒரு நாள் பொறுக்கத் தெரியவில்லையே.

ஜூலை 5, புதன்

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது.

ராத்திரி முழுவதும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் வாங்கி வைத்த இட்லியைத் தொடவில்லை. வேறு ஆளிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

காலையில் கட்டு அவிழ்த்தார்கள். டாக்டரம்மா இரண்டு விரலைக் காட்டினார்கள், இரண்டு என்றார். ஐந்தைக் காட்டினார்கள், ஐந்து என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். ரொம்ப நேரம் பார்த்தார். கோர்ட்டில் பார்த்த அதே பார்வையா என்று தெரியவில்லை. நான் தலையைக் குனியவில்லை. குனிய வேண்டும்போல இருந்தது.

வண்டியில் என் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால் போய் உட்கார்ந்தார். தெருமுனையில் இறங்கியதும் பின்னாலேயே நடந்தேன். அவர் வாசலில் நின்று, திரும்பாமல் கேட்டார்.

“எட்டாம் பாகத்துல அந்த விளக்குக்காரன் நெசமா என்னதான் சொன்னான்?”

“‘பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னேன்.’ அம்புட்டுத்தான்.”

மனசுக்குள் எதையோ மாற்றி அடுக்குவது போல நின்றார். பிறகு மூச்சு விட்டார்.

“அப்ப என் கணக்குச் சரிதான்.”

“சரிதான் வே.”

“ஒரு வாரம் டிவி பாக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. அது வரைக்கும் இந்த வாசப்படி ஏறாதீரும். அடுத்த புதன் ரெண்டு மணிக்கு எட்டாம் பாகத்தைப் போட்டு நானே வாசிக்கப் போறேன். அப்ப வாரும். வந்து உக்காரும். ஒரு வார்த்தை பேசப்படாது. வாசிச்சு முடிச்சிட்டு உம்மகிட்ட ஒண்ணு சொல்லுவேன்.”

“என்ன சொல்லுவீரு?”

“அது எனக்கே இன்னும் தெரியல” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முப்பிடாதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவினதையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

இன்னும் ஏழு நாள் இருக்கிறது. போகாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன். போவேன். அவர் என்னைத் திட்டினாலும், இனி முகத்திலேயே விழிக்காதே என்று சொன்னாலும், அவர் வாயால் சொல்வதை ஒரு எழுத்தும் மாற்றாமல் அடுத்த வாரம் இங்கே எழுதுவேன்.